மேனேஜருக்கு ஒரு சாக்கு

அந்த வருஷம் மழை பொய்த்ததற்கு நாங்கள்தான் காரணம் என்றார்கள். நான் அதை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அம்மா காய் எடுத்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நானும் அவளோடு போனேன். முந்தைய வருஷம்தான் மேனேஜர் நிழல் மரங்களை வெட்டி லோடு லோடாகக் கீழே அனுப்பியிருந்தார். ஏலச்செடிக்கு வெயில் ஆகாது என்பது தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அம்மா நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மரத்தைச் சுற்றி நின்றாள். ஒருநாள் வேலை நின்றது. மறுநாள் மரம் விழுந்தது. அடுத்து மழையும் வராமல் போகவே, செடிகள் சருகாய்க் கிடந்தன.

தோட்டத்தில் தகரக் கூரை போட்ட சின்ன தேவாலயம் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை போடியிலிருந்து உபதேசியார் ஜீப்பில் வருவார். மேனேஜர் பங்களாவில் சாப்பாடு, அப்புறம் எங்களுக்குப் பிரசங்கம். அந்தத் தடவை, நாற்பது நாளில் அழிவு என்று ஒரு தீர்க்கதரிசி கூவிய பெரிய பட்டணத்தின் கதையைச் சொன்னார். ஊரே இரட்டு என்னும் சாக்குத் துணி உடுத்தி உபவாசம் இருந்தது, கடவுள் மனமிரங்கினார். நாமும் மனந்திரும்பினால் மழை வரும் என்றார். எங்கள் பாவங்களையும் சொன்னார்: சாராயம், ஆராதனைக்கு மட்டம் போடுவது, மேலதிகாரிகளை எதிர்ப்பது. மரம் வெட்டியது அந்த வரிசையில் இல்லை. அடுத்த ஞாயிறு வரை தங்கப்போவதாகவும், அன்று எல்லோரும் பட்டினி கிடந்து சாக்கு உடுத்தி வரவேண்டும் என்றும் சொன்னார். எதிர்த்து நின்றவள் முன்னால் வந்து பாவ அறிக்கை செய்ய வேண்டுமாம்.

செய்யாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று கங்காணி தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பா இல்லாத வீடு. அந்த ஓர் அறையை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. இரண்டு வார்த்தைதானே, சொல்லிவிட்டுப் போயேன் என்று அம்மாவிடம் கெஞ்சினேன்.

அவள் வேதப் புத்தகத்தை எடுத்து அந்தக் கதையை வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ராஜா சிங்காசனத்தை விட்டு இறங்கி, தன் உடுப்பைக் கழற்றிப்போட்டு, இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்கார்ந்த இடம் வந்தது.

"அந்த எடத்தத் திரும்பப் படி."

மூன்று முறை படித்தேன். உபதேசியார் பிரசங்கத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தார்.

சாக்கு உடுத்தச் சொன்னது யாரிடம்? ஈரத்துக்கும் அட்டைக்கும் பயந்து வருஷம் முழுக்க இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் காய் எடுக்கிறோம். ஞாயிறு ஒருநாள்தான் சேலை தெரிய நடப்போம். அதையும் பிடுங்கிக்கொண்டார்கள். பெண்கள் வேலைக்கு வருவதுபோலவே வந்து தரையில் உட்கார்ந்தார்கள். முன்னால் நாற்காலியில் மேனேஜர், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

உபதேசியார் கூப்பிட்டதும் அம்மா எழுந்தாள். அவள் கையில் இன்னொரு சாக்கு இருந்தது, துவைத்து மடித்தது. அதை மேனேஜரின் நாற்காலிக் கைப்பிடியில் போட்டாள்.

"நாங்க தெனமும் உடுத்துறதுதான் ஐயா இது. அங்க ராசாவே எறங்கி ஒக்காந்தாராம்ல. தொரை எறங்கட்டும். பெறகு எம் பாவத்தச் சொல்றேன்."

உபதேசியார் வேதத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். மேனேஜர் எழுந்து வெளியே போனார். சாக்கு நாற்காலியிலேயே கிடந்தது. வீடு போய்விடும் என்று தெரிந்தது. ஆனால் அதுவரை அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மறுநாளே வீடு போயிற்று. சட்டி பானையோடு போடிக்கு இறங்கினோம். ஏலக்காய் தரம் பிரிக்கும் கடையில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. அங்கிருந்த காலத்தில் தீர்க்கதரிசிகள் எல்லோரையும் படித்து முடித்தேன். அரண்மனையை விட்டுவிட்டுக் குடிசையை மட்டும் திட்டியவர் ஒருவரும் இல்லை.

அடுத்த வருஷம் மழை வந்தது, யார் மனந்திரும்பலுக்கும் காத்திராமல். தோட்டத்தில் கைப்பழக்கமுள்ள ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது. கங்காணி கடை வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதுமாம், வீடு திரும்பக் கிடைக்குமாம்.

அம்மா முறத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அந்தச் சாக்கு அங்கனதான் கெடக்கு அண்ணே. தொரைய உடுத்தச் சொல்லுங்க, நான் வெரசா வர்றேன்."