ஆறு, ஐந்து, மறுபடி ஆறு

நான் பள்ளியில் சேர்ந்தது பதினோராம் வகுப்பில். அப்போது எனக்கு வயது ஆறு. இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள், அதனால் இப்போதெல்லாம் சொல்வதில்லை. காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி நடந்த காலம் அது. அவன் பள்ளிக்கூடத்தில் வகுப்புகளைப் பதினொன்றில் தொடங்கிக் கீழ்நோக்கி எண்ணுவார்கள். பதினொன்று தேறினால் பத்து, பத்து தேறினால் ஒன்பது. இது எனக்குப் புரிந்ததா என்று கேட்டால், இன்றுவரை முழுசாகப் புரியவில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் தெருவில் மூன்று அரிசி மில்கள் இருந்தன. அப்பா அதில் ஒன்றில் பாய்லர் பார்த்தார். மில் சங்கு ஊதினால் ஆட்கள் வேலைக்கு ஓடுவார்கள், நாங்கள் பள்ளிக்கு ஓடுவோம். உமிச் சாம்பல் பறந்துவந்து வெள்ளைச் சட்டையில் உட்காரும். கையால் தட்டினால் கோடு விழும். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி எங்களுடையது. அவர்களை மாசேர் என்று கூப்பிடுவோம். வாசலில் நின்று ஒவ்வொருத்தியின் தோளையும் பார்த்து ஊதிவிட்டுத்தான் மாசேர் உள்ளே அனுப்புவார். புழுங்கல் நெல் வேகும் வாசனையில் நாங்கள் பிரெஞ்சில் ஜெபம் சொல்வோம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது.

அம்மாவுக்கு ஒரே அண்ணன். நாகப்பட்டினத்தில் இருந்தார். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்த அம்மாவை வளர்த்து ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அதனால் எங்கள் வீட்டில் மாமா சொன்னால் சொன்னதுதான். அவர் மகளுக்கும் என் வயது. ஒரே மாதத்தில் பள்ளியில் சேர்ந்தோம். அவள் இந்தியாவில், ஒன்றாம் வகுப்பில். எல்லையில் வாஞ்சூர் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு மாமா வரும்போதெல்லாம் என் படிப்புதான் அவருக்குத் தமாஷ்.

"என்ன மாப்ள, எம் பொண்ணு மூணுக்குப் போயிட்டா. உங்க பொண்ணு ஒம்போதுக்கு எறங்கிருச்சாமே? இப்படியே போனா கடைசியில ஒண்ணுமில்லாம போயிருமே!"

"இங்க எறங்குனாத்தான் ஏத்தம் மச்சான்" என்பார் அப்பா.

மாமா கிண்டல் செய்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா என்று எனக்குத் தெரியாது. வருடத்துக்கு வருடம் அவள் கூடிக்கொண்டே போனாள், நான் குறைந்துகொண்டே வந்தேன். ஒரே ஒரு வருடம் இரண்டு பேரும் ஆறில் இருந்தோம். அந்த வருடம்தான் நான் நிம்மதியாக இருந்தேன். அடுத்த வருடம் அவள் ஏழு, நான் ஐந்து. மார்க் எல்லாம் நன்றாகத்தான் வாங்கினேன். ஆனாலும் ஏதோ தப்பு செய்ததற்காக இறக்கிவிட்டதுபோல ஒரு கூச்சம்.

வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. பெண் எட்டு வரைக்கும் படிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மாமாவும் தலையாட்டியிருந்தார். எட்டாம் வகுப்பு தேறினால் டீச்சர் டிரெயினிங் சேரலாம் என்று அப்பா விசாரித்து வைத்திருந்தார். எனக்கு டீச்சர் ஆகவேண்டும். அதைத் தவிர வேறு எதையும் நான் அந்த வயதில் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

நான் ஐந்தில் படித்த வருடம் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியது. இனிமேல் பிரெஞ்சு சோறு போடாது என்று மில்லில் பேசிக்கொண்டார்கள். பள்ளி ஆண்டு முடிந்ததும் அப்பா என்னைத் தமிழ்ப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனார். அங்கே வெளியூரிலிருந்து புதிதாக வந்த குமாஸ்தா ஒருவர் என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னங்க வார்த்தை?"

"சேன்கியேம் சார். அஞ்சாவதுன்னு அர்த்தம்." பாய்லர் பார்க்கிறவருக்குப் பிரெஞ்சு தெரிகிறதே என்று அவர் வியப்பார் என அப்பா எதிர்பார்த்திருக்க வேண்டும். குரலில் அப்படி ஒரு பெருமை.

"அஞ்சு பாஸ். அப்ப ஆறுல போட்டுருவோம்."

"ஆறு முன்னமே முடிச்சிருச்சு சார். இதுக்கு அடுத்தது நாலு."

குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அஞ்சு பாஸ் பண்ணின புள்ளைய நாலுல போடச் சொல்றீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. பாய்லர் முன்னால் நிற்கும்போதுகூட அவர் அப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. "வேணாங்க. ஆறுலயே போட்டுருங்க" என்றார் அவசரமாக. நாலிலிருந்து என்னைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமா மகள் எட்டுக்குப் போகிறாள், அப்படியானால் எனக்கும் எட்டுதானே என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வாழ்க்கையில் முதல் தடவையாக என் எண் ஏறியிருந்தது. ஐந்திலிருந்து ஆறு! எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு மாதம் கழித்து, மில்லில் கணக்கெழுதும் பெரியவர் அப்பாவிடம் விஷயத்தை விளக்கியிருக்கிறார். அந்த ஐந்து இந்தியாவில் ஏழுக்குச் சமம், பெண்ணுக்கு இரண்டு வருடம் போச்சு என்று. அப்பா பதறிக்கொண்டு பள்ளிக்கு ஓடினார். பழைய பள்ளியிலிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். மாசேர் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார். இவள் ஐந்தாவதில் நன்றாகத் தேறியவள், நான்காவதுக்கு முற்றிலும் தகுதியானவள் என்று! குமாஸ்தா அதைப் பத்திரமாக ஃபைலில் வைத்துக்கொண்டார். அதோடு அப்பா விட்டுவிட்டார். "ரெண்டு வருஷந்தானம்மா. படிச்சதையே படிக்கிறது சுலபம்" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

ஆறு முடிந்த விடுமுறையில் நான் பெரியவளானேன். தண்ணி ஊற்றும் சடங்குக்கு மாமா சீர் கொண்டுவந்தார். சாப்பாடு முடிந்ததும் பேச்சு என் படிப்பின் பக்கம் திரும்பியது.

"எம் பொண்ணு எட்டு முடிச்சாச்சு, நிறுத்தியாச்சு" என்றார் மாமா. "இதையும் நிறுத்திருங்க மாப்ள."

"இது இன்னும் எட்டு முடிக்கலையே மச்சான். ஏழுதான் போகப்போவுது."

மாமா விரலை மடக்கினார். "பிரெஞ்சு பள்ளிக்கூடத்துல பதினொண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் எத்தனை வருஷம்? ஏழு. இங்க ஆறாங் கிளாஸ்ல ஒரு வருஷம். மொத்தம் எட்டு. ரெண்டு புள்ளைங்களும் ஒண்ணாத்தானே தொடங்குச்சு? எட்டு வரைக்கும்னுதானே நம்ம பேச்சு?"

அப்பா தானும் விரல்களை மடக்கிப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். எட்டுதான் வந்தது. அத்தனை வருடம் என் எண்களைக் கிண்டல் செய்தவர் அன்றைக்குப் பார்த்துச் சரியாகக் கூட்டியிருந்தார். அப்பா என்னைப் பார்த்தார். எங்கே தப்பு என்று அவருக்குத் தெரியவில்லை.

தனியாக உட்கார வைத்திருந்த மூலையிலிருந்து நான் எழுந்துவிட்டேன். "மாமா, எட்டு வருஷம் வேற, எட்டாங் கிளாஸ் வேற!" என்றேன். பெரியவர்கள் பேச்சில் நான் குறுக்கிட்டது அதுதான் முதல் தடவை.

மாமாவுக்குக் கோபம் வரவில்லை. தொடையில் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீங்களா மாப்ள, என்னமா கணக்கு பேசுது! நல்லாவே படிச்சிருக்கு. இது போதும்."

அம்மா சிரித்தாள். கடைசியில் அப்பாவும் சிரித்துவிட்டார். பள்ளி திறந்த அன்றைக்கு ஏழாம் வகுப்பில் என் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்.