என் எழுத்தும் அவள் தொண்டையும்

எனக்குப் பொறாமை உண்டு. அதைப் பூசி மெழுகிப் பேச எனக்கு வராது. எங்கள் மாடி ரூமில் குடியிருந்த ஒரு பெண்ணைப் பார்த்து எனக்கு அப்படி வயிறு எரிந்தது. அழகைப் பார்த்து இல்லை. அவளும் என்னைப் போலக் கறுப்பு, ஒல்லி. சம்பளத்தைப் பார்த்தும் இல்லை. அவளுடைய தொண்டையைப் பார்த்து.

எங்கள் வீடு இருங்காட்டுக்கோட்டை தொழிற்பேட்டைக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது. கீழே நாங்கள். மேலே வரிசையாக ரூம் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் லாரிக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்தார், வேலை போனது. நான் இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். ஷிப்டுக்கு ஷிப்டு மலையாக வந்து விழும் தட்டுகள். முகம் தெரியாத ஆட்களின் எச்சிலை வழித்துப் போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் புண். போதுமடா சாமி என்று அதை விட்டுவிட்டு, வீட்டின் முன்கட்டில் சாப்பாட்டுக் கடை போட்டேன். சமையல் என்னுடையது, கல்லாவில் உட்காருவதும் நான்.

வீட்டுக்காரர் ஒரு கெடு வைத்தார்.

"தை வரிக்கும் பாக்கலாம்மே. ஓடலன்னா மூடிட்டு, முன்கட்டையும் ரூமாக்கி வாடகைக்கு வுட்டுடலாம். நீ மறுபடியும் கேன்டீனுக்கே போயிடு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை, டீ குடித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அந்த ஈரத் தட்டுகளின் நாற்றம் அப்படியே மூக்கில் ஏறியது. செத்தாலும் அங்கே திரும்பிப் போவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். கடை ஓடியே ஆக வேண்டும்.

கடை ஓட விளம்பரம் வேண்டும். எழுத்து எனக்கு வரும். மகளிர் குழுவுக்கு மனு எழுதுவது, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்றால் பேனருக்கு வாசகம் எழுதுவது, எல்லாம் எங்கள் தெருவில் நான்தான். ஒருமுறை கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு நான் எழுதிய நாலு வரியைப் படித்துவிட்டு, செத்தவரோடு வரப்புச் சண்டையில் பல வருஷம் பேசாமல் இருந்த தம்பியே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அப்படிப்பட்ட கை இது. சொந்தக் கடைக்கு எழுத எனக்குக் கசக்குமா? உட்கார்ந்து எழுதினேன். 'அறுசுவையைத் தேடி அலையும் அன்பு நெஞ்சங்களே! அன்னையின் கைமணம் கமழும் அமுத விருந்து இதோ உங்கள் இருப்பிடத்தின் அருகிலேயே!' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் முழுக்க ஓடியது. படிக்கப் படிக்க எனக்கே பசித்தது.

ஸ்ரீபெரும்புதூரில் பேனர் அடிக்கிற கடைக்காரரே ஒரு மைக் வைத்து விளம்பரமும் பதிவு செய்து கொடுப்பார். அதை ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டித் தெருத்தெருவாகப் போடுவார்கள். நான் எழுதியதை நானே பேசலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி முடிவதற்குள் அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

"யக்கா, தப்பா நெனச்சுக்காத. எழுத்து சூப்பரா கீது. ஆனா நீ பேசுனா சண்டைக்குக் கூப்புடுற மாதிரி கீது. வூட்ல வேற யாராச்சும் லேடீஸ் கீறாங்களா?"

என் வீட்டுக்காரர் ஒரு விநாடி கூட யோசிக்கவில்லை. "மாடியில ஒரு பொண்ணு கீதுப்பா. போன்ல பேசுனாலே பாட்டு கேக்குற மாதிரி இருக்கும்" என்றார். அவள் போனில் பேசுவதை இவர் எப்போது இவ்வளவு கவனமாகக் கேட்டார்? அந்த இடத்தில்தான் எனக்கு முதல் நெருப்பு விழுந்தது.

அவளுக்குத் திருநெல்வேலிப் பக்கம். தண்டலம் தாண்டி ஒரு கம்பெனியில் பாகம் மாட்டுகிற லைனில் நின்றாள். வாரலீவு நாளில் வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. அப்படியே படித்தாள். என் 'அன்பு நெஞ்சங்களே' அவள் வாயில் தேனாக ஒழுகியது. கடைக்காரர் கையைத் தட்டினார். என் வீட்டுக்காரர், "யப்பா! இன்னா வாய்ஸு!" என்றார். எழுதியவள் ஒருத்தி பக்கத்திலேயே பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆட்டோவை மறுநாள் காலையில், ஊர் சமையல் முடித்து ஓய்கிற வேளையில் அனுப்பினோம். மதியச் சாப்பாட்டுக்கு ஆள் வர வேண்டும் என்று கணக்கு. பையன்கள் குடியிருக்கும் ரூம் சந்துகளில் எல்லாம் நிறுத்தி நிறுத்திப் போடு என்று நானே டிரைவருக்கு வழி சொல்லி அனுப்பினேன். இந்த ஊரிலேயே பிறந்து, ஷிப்டு பஸ் சத்தத்தில் எழுந்து வளர்ந்த எனக்கு அது எப்படி மறந்து தொலைத்ததோ தெரியவில்லை. நைட் ஷிப்டு முடித்து வந்தவன் எல்லாம் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற நேரம் அது. அவன் காதுக்குப் பக்கத்தில் போய் 'அறுசுவையைத் தேடி அலையும் அன்பு நெஞ்சங்களே' என்று ஸ்பீக்கரில் அலறினால் என்ன ஆகும்? மாடியிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் டிரைவர் தலையில் விழுந்தது. லுங்கியும் வீங்கிய கண்ணுமாக ஒரு கூட்டம் எங்கள் கடைக்கே வந்துவிட்டது.

"யாருண்ணே அது, மனுசன் தூங்குறதா வேணாமா? நீட்டி முழக்கிக்கிட்டு... எவன் எழுதுனது இத?"

நான் கரண்டியோடு உள்ளே நின்றேன். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, தம்பி தம்பி என்று சமாதானம் பேசி அனுப்பினார். போகிறபோது ஒருத்தன் திரும்பி, "ஆனா குரல் நல்லாருக்குண்ணே. யாரு அது?" என்று கேட்டான். பாருங்கள் அநியாயத்தை! திட்டு எழுத்துக்கு, பாராட்டு குரலுக்கு. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கடையில் அத்தனை சோறு மிஞ்சியிருந்தும் இறங்கவில்லை.

ஐப்பசி வந்துவிட்டது. பெஞ்சு காலியாகவே கிடந்தது. சாயங்காலம் கல்லாவில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஷிப்டு பஸ் வந்து நிற்கும். பையன்கள் இறங்குவார்கள். எதிரே இருக்கும் பெட்டிக் கடையில் பிஸ்கட்டும் டீயும் வாங்கி நின்றுகொண்டே விழுங்குவார்கள். போன் அடிக்கும். "சாப்ட்டேம்மா, இப்பதான் சாப்ட்டேன்" என்று பிஸ்கட்டை மென்றுகொண்டே ஊருக்குப் பொய் சொல்வார்கள். எனக்கு ஆத்திரம் வரும். இங்கே குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, அங்கே பிஸ்கட் தின்கிறானே பாவி என்று.

அந்த ஆத்திரமும் அவள் மேலிருந்த எரிச்சலும் சேர்ந்துதான் எழுத வைத்தது. 'குரல் இனிக்குது, குரல் இனிக்குது என்றுதானே அலைகிறீர்கள். அந்தக் குரலிலேயே வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள். திட்டுகிற பெண்ணின் குரலை எவன் ரசிக்கிறான் பார்ப்போம்' என்று நினைத்துக்கொண்டேன். அறுசுவையைத் தூக்கிக் கடாசினேன். வீட்டில் நான் பேசுகிற பேச்சை அப்படியே எழுதினேன். அவளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். படித்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள்.

"யக்கா, இத எங்கூரு பேச்சுல பேசட்டா?"

"எந்தப் பேச்சுலனா பேசு. சிரிக்காம பேசு."

அடுத்த வாரலீவில் மைக் முன்னால் உட்கார்ந்து அவள் பேசினாள்: "ஏலே, வேல முடிஞ்சி வந்து அப்படியே சாஞ்சிரலாம்னு பாக்கியா? ரெண்டு பிஸ்கட்டத் தின்னுட்டு, அம்ம போன் பண்ணுனா சாப்ட்டேம்மான்னு பொய் சொல்லப் போற, அதான? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியால? சோறு வடிச்சாச்சு, கொழம்பு கொதிக்கி. ஒழுங்கா வந்து தின்னுட்டுப் போல!"

இந்த முறை ஆட்டோவைச் சந்துக்குள் விடவில்லை. சாயங்காலம் பஸ் வந்து நிற்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். இறங்கியவர்கள் முதலில் திடுக்கிட்டு நின்றார்கள். அப்புறம் ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்தான். இன்னொருத்தன் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைச் சட்டைக்குள் ஒளித்தான். சத்தியமாகச் சொல்கிறேன், ஒளித்தான். அன்றைக்குப் பெஞ்சு நிறைந்தது. அந்த வாரம் முழுக்க நிறைந்தது. ஒரகடத்திலிருந்து கூட வண்டி எடுத்துக்கொண்டு, 'திட்டுற கடை இதுதானா' என்று கேட்டு வந்தார்கள்.

கடை பிழைக்க ஆரம்பித்தது. சந்தோஷப்பட்டேனா? பட்டேன். ஆனால் முதல் வாய் வைப்பதற்குள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அந்த அக்கா யாருக்கா? இங்கனதான் இருக்காங்களா?" சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "ஊருக்குப் போயிருக்குது" என்பேன். அவள் அப்போது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள்.

என் வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே போனார். அந்த விளம்பரத்தை ரிங்டோனாக வைத்துக்கொண்டார். யாராவது கூப்பிட்டால் உடனே எடுக்க மாட்டார். 'தின்னுட்டுப் போல' வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பார்.

"யோவ், அந்தக் கருமத்த மாத்துய்யா."

"ஏன்மே? நீ எழுதுனதுதான கீது?"

"நான் எழுதுனத நானே தெனம் உன்னாண்ட சொல்லிகினு கீறேன். அப்ப காது செவுடு மாதிரி போற. அவ சொன்னா பாக்கெட்ல வெச்சுகினு கேக்குறியா?"

 மனிதர் ரிங்டோனை மாற்றவே இல்லை. நான் ரெண்டு நாள் அவருக்கு ரசம் ஊற்றவில்லை.

மார்கழியில் அவளுக்குக் காண்ட்ராக்ட் முடிந்தது. அங்கே அப்படித்தான், ட்ரெய்னி என்று எடுப்பார்கள், காலம் முடிந்ததும் சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்தாள். கண் கலங்கியிருந்தது. புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். அவள் பஸ் ஏறிய கையோடு ஸ்ரீபெரும்புதூர் போய், அதே வாசகத்தை என் குரலில் பதிவு செய்யச் சொன்னேன். கடைக்காரர் வாயைத் திறக்க வந்தார். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் குரல் ஆட்டோவில் ஓடியது. எங்கள் பேச்சில், 'இன்னாடா, அப்டியே படுத்துக்கலாம்னு பாக்குறியா' என்று. நான் கல்லாவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக வருகிற மதுரைப் பையன் கை கழுவிக்கொண்டே பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்:

"யாருடா இது? வாடகை பாக்கிக்குத் திட்டுற மாதிரி இருக்கு. பழைய அக்காவ ஏன்டா தூக்குனாங்க?"

பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். மறுநாள் பெஞ்சில் இடம் இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது. பனிக்காலம் என்று வீட்டுக்காரர் சொன்னார். பனியோ என் குரலோ, தைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. காலியாக இருந்த பெஞ்சைத் துடைத்தேன். பிறகு டிரைவருக்குப் போன் போட்டு, "பழசையே போடுப்பா" என்றேன்.  சொல்லும்போது வெட்கமாக இருந்தது. கேன்டீன் தட்டுகளை நினைத்துக்கொண்டு சொன்னேன்.

தை வந்தது, போனது. வீட்டுக்காரர் ரூம் கட்டுகிற பேச்சையே எடுக்கவில்லை. இன்னொரு பெரிய குக்கர் வாங்கலாமா என்று கேட்டார். கடை என்னுடையதாகவே நின்றது. அவள் போன பிறகும் சாயங்காலம் தவறாமல் அவள் குரல் தெருவில் போனது. ஆளில்லாத குரலோடு யாராவது சண்டை போட முடியுமா? நான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டோ கடந்து போகும்போதெல்லாம் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பேன்.

கோடையில் ஒருநாள் பந்தி முடிந்து உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. அவள்தான்.

"யக்கா, நல்லாருக்கீளா? என் கொரலு இன்னும் அங்க ஓடுதாக்கா?"

"ஓடுது, ஓடுது."

 ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் நிற்பதாகச் சொன்னாள். அங்கே விளம்பரத்துக்கு அவளையே பேசச் சொன்னார்களாம்.

"அவுக எழுதிக் குடுத்தத வாசிச்சேன்க்கா. ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. மொதலாளி, உன் கொரல்ல ஒண்ணும் இல்லன்னுட்டாரு. அப்பதான் வெளங்குச்சு. ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது. அங்க இருக்கும்போதே உங்களப் பாத்தா எனக்கு வயிறெரியும்க்கா. உக்காந்த எடத்துல எழுதிருவிய. எல்லாம் உங்க எழுத்துதான். எனக்கு அது வந்திருந்தா நா எதுக்கு இங்க நிக்கேன்?"

அவளுடைய குரல் உடைந்தது. அந்த நேரத்தில் ஒரு நல்லவள் என்றால் ஆறுதலாக ஏதாவது சொல்லியிருப்பாள். எனக்கும் சொல்லத் தெரியும். ஆனால் காது ரெண்டும் குளிர்ந்துபோய், வாய் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது. லைன் தெளிவாகத்தான் இருந்தது.

"இன்னா சொன்ன? சரியா காதுல வுழல" என்றேன். "இன்னொரு தபா சொல்லு."