மேயரின் விரலைப் பிடித்த கை

பசுவும் பனியும் மட்டுமே இருந்த ஒரு ஜேர்மன் கிராமத்தில் தோசைக்கடை போட்டு, அதை நிலைக்கவும் வைத்தவன் நான். ஆரம்பத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடையைக் கடந்துபோன தபால்காரர், இப்போது சாம்பாரில் புளி காணாது என்று சண்டைக்கு வருகிறார்!

சொந்த வீட்டுக்கு நானே கூரை போட்டேன். ஏணியைப் பிடித்தது என் மனைவி புஷ்பம். இதைச் சொல்லாவிட்டால் அந்தக் கூரைக்குக் கீழே எனக்கு இடமில்லை.

தமிழ்ப் பள்ளிக்கூடம்? அது என் கராஜில் தொடங்கியது. காரைப் பனியில் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை உள்ளே இருத்தினேன். கரும்பலகை வாங்க வசதியில்லை. கழற்றிப் போட்ட பழைய கதவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். கைப்பிடியைக் கழற்ற மறந்துவிட்டேன். பிள்ளைகள் எழுதி முடித்ததும் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போகப் பார்ப்பார்கள்...

இவ்வளவும் எந்தப் படிப்போடு? ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. இந்தப் பத்தியில் எழுத்துப் பிழை கண்டால், நான் சொல்லச் சொல்லத் தட்டுகிற என் மகளைப் பிடியுங்கள். கருத்துப் பிழைக்கு இங்கே இடமே இல்லை!

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் அடுக்குகிறேன்? காரணம் இருக்கிறது. போன சனிக்கிழமை எங்கள் பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு பெரிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார்கள். அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படத்தின் கதையைச் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

கராஜ் கொள்ளாத அளவுக்குப் பிள்ளைகள் பெருகியபோது, ஊர்ச்சபை எங்களுக்குப் பழைய தீயணைப்பு நிலையத்து மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் தந்தது. சந்தோசமாகத்தான் நடந்தது. இந்த இலையுதிர்காலம் ஆண்டுதோறும் வேஷம் கட்டி ஆடுகிற கார்னிவல் சங்கத்தின் தலைவர் சபையில் எழுந்து நின்றார்.

"கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா? எங்களுக்கு ஒத்திகை பார்க்க இடமில்லை."

மேயர் நல்ல மனிதர். பேக்கரிக் குடும்பத்துப் பிள்ளை, ஆளும் அதற்கேற்ற பருமன். "ஒருநாள் கதவைத் திறந்து காட்டுங்கள்" என்றார் எங்களிடம். "ஊருக்குப் பொதுவாக அங்கே ஏதாவது நடக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் மண்டபம் கார்னிவல் சங்கத்துக்கு."

மண்டபம் போனால்? திரும்ப கராஜா? பாதிப் பிள்ளைகள் பனிக்குள்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கொலோன் நகரத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மலைப்பாதையில், மாரி காலத்தில், வாராவாரம்... எத்தனை பெற்றோர் போவார்கள்? பள்ளிக்கூடம் தானாகப் படுத்துவிடும்.

விஜயதசமியை ஒட்டிய சனிக்கிழமை சின்னப் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குவது என்றும், அதற்கு ஊரையே அழைப்பது என்றும் எங்கள் தமிழ்ச் சங்கம் முடிவு செய்தது. செயலாளர் சிவலிங்கம் மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர். அவர்தான் வேலைகளைப் பிரித்தார். பிள்ளைகளின் விரலைப் பிடித்து எழுதுவிக்க, கொலோனிலிருந்து ஒரு டொக்டர். பேச்சு, மாஸ்டர். எனக்கு?

"அண்ணை, உங்கட கைக்கு வடைதான் பொருத்தம். மேயர் வாற இடம்... மற்றதுகளைப் படிச்ச ஆக்கள் பார்க்கட்டும்."

பள்ளிக்கூடத்தைத் தொடக்கியவனுக்கு வடை! சரி, வாயை மூடிக்கொண்டு உழுந்தை ஊறப்போட்டேன்.

அழைப்பிதழை மாஸ்டர் தமிழில் எழுதினார். மாலை நான்கு மணி. நான்கு என்று போட்டால்தான் நம் சனம் ஆறுக்காவது வரும். இது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிறகு அதை மாஸ்டரே ஜேர்மனில் மொழிபெயர்த்தார். ஒரு சொல் பிசகவில்லை. நேரமும் பிசகவில்லை!

அன்று மண்டபத்துச் சமையலறையில் நானும் புஷ்பமும் மட்டும். எண்ணெய் சூடேறிக்கொண்டிருந்தது. நான்கு மணிக்குக் கொஞ்சம் முன்னர் கதவு தட்டிய சத்தம். திறந்தால்... மேயர்! அவருக்குப் பின்னால் உள்ளூர் ஜேர்மன்காரர்கள். கையைக் கட்டிக்கொண்டு கார்னிவல் தலைவர். மரக்கறிக்கடைத் துருக்கியர் யூசுஃப் குடும்பத்தோடு. கசக்ஸ்தானிலிருந்து வந்து குடியேறிய ஜேர்மன் கிழவி ஓல்கா. உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெண் கமராவோடு. மண்டபம் பாதி நிறைந்துவிட்டது. நம் ஆட்கள்? நாங்கள் இருவர்தான். இருவர் கையிலும் உழுந்து மா.

மாஸ்டருக்கு ஃபோன் போட்டேன்.

"மாஸ்டர், எங்க நிக்கிறியள்?"

"இப்பதான் குளிக்கப் போறன் அண்ணை. ஏன்?"

"மேயர் வந்திட்டார்."

"எந்த மேயர்?"

"இந்த ஊரில எத்தினை மேயர் இருக்கினம்! சனமெல்லாம் வந்து இருக்குது. டொக்டர் எங்க?"

"அவர் கொலோனில இருந்து வெளிக்கிட்டிட்டாராம்."

முடிந்தது கதை. வெளிக்கிட்டுவிட்டேன் என்று நம்மவர் ஒருவர் சொன்னால், சப்பாத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்?

மேயர் வெறும் கதிரைகளைப் பார்த்தார். "உங்கள் ஆட்கள் யாருமே இல்லையே?" என்று மெதுவாகக் கேட்டார். கார்னிவல் தலைவரோ, நடனமாட இடம் காணுமா என்று பார்க்கிறவர் போல் தரையை மட்டும் பார்த்தார்.

புஷ்பம் பின்னால் வந்து இடித்தாள். "என்னப்பா முழுசிக்கொண்டு நிக்கிறியள்? வந்த சனத்தை இருத்துங்கோ. வடையை நான் பாக்கிறன். நீங்கள் கதையுங்கோ. கதைக்கிறதில நீங்கள் சளைச்ச ஆளோ?"

கதைத்தேன். கராஜ் கதை, கதவுப் பலகைக் கதை எல்லாம் சொன்னேன். முதல் தட்டு வடை இருக்கும்வரை சிரித்தார்கள். அது முடிந்ததும் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். மேயர் கோட்டை எடுத்து ஒரு கையை உள்ளே விட்டார். "இன்னொரு சந்திப்பு இருக்கிறது..."

அப்போதுதான் சரஸ்வதி படத்துக்கு முன்னால், பிள்ளைகளுக்காகத் தட்டில் பரப்பியிருந்த அரிசி என் கண்ணில் பட்டது.

கையை ஏப்ரனில் துடைத்தேன். அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொன்னேன்: "மேயர் ஐயா, இன்று படிப்புத் தொடங்கும் நாள். இந்த அரிசியில் முதல் எழுத்து எழுதாமல் யாரும் போக முடியாது."

"அப்படி ஒரு சட்டமா?"

"மிகப் பழைய சட்டம்."

சட்டம் என்று சொன்ன பிறகு ஒரு ஜேர்மன்காரர் எழுந்து போவாரா? கோட்டைக் கழற்றினார்!

வழக்கமாகப் பிள்ளையை மடியில் இருத்தித்தான் எழுதுவிப்போம். மேயரின் பருமனைப் பார்த்தேன். வழக்கத்தை மாற்றினேன். நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம்.

விரலைப் பிடிக்கும்போது மட்டும் ஒரு கணம் தயக்கம். படித்தவர்கள் செய்கிற வேலை இது. ஐந்தாம் வகுப்பைக்கூட முடிக்காதவன் செய்தால் சரஸ்வதி கோபிப்பாளா? கோபித்தால் கோபிக்கட்டும். மண்டபம் போனால் அவளுக்கும்தான் இடமில்லை!

பிடித்தேன். எழுதினோம். 'அ'.

மேயர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இது பிரெட்செல் அல்லவா! எங்கள் அப்பா தினமும் செய்தது!" முறுக்கிச் சுடுகிற அந்த உப்பு ரொட்டியைத்தான் சொல்கிறார். எனக்கு 'அ', அவருக்குப் பேக்கரி. சந்தோசம் ஒன்றுதானே?

"மேயர் இண்டைக்குத்தான் முதலாம் வகுப்பு!" என்று புஷ்பம் அடுப்படியிலிருந்து கத்தினாள். அதை நான் மொழிபெயர்த்ததும் மண்டபமே கைதட்டியது.

பிறகு யாரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. யூசுஃப் எழுதினார். அவருடைய மகள்கள் எழுதினார்கள். ஓல்கா அரிசியில் விரலை வைத்தவர் எழுதாமல் அப்படியே இருந்தார்.

"கசக்ஸ்தானில், சோவியத் காலத்தில், ஜேர்மன் படிப்பைத் தடை செய்து எங்கள் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள்" என்றார். "அம்மா சமையல் மேசையில் மாவைத் தூவி எழுத்துக் காட்டினாள். யாராவது கதவைத் தட்டினால் ரொட்டி பிசையத் தொடங்கிவிடுவாள்."

கார்னிவல் தலைவர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். வந்து ஓல்காவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்.

மேயர் என் பக்கம் திரும்பினார். "என் ஆசிரியரின் பெயர் எனக்குத் தெரிய வேண்டாமா?"

ஆசிரியர்! என்னை! சொன்னேன். பஞ்சாட்சரம். அவர் நாக்கு முதலில் 'பஞ்சா'வில் வழுக்கியது, பிறகு 'ட்ச'வில் மாட்டியது. விடவில்லை மனிதர். வடையைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார், சரியாக வரும்வரை.

ஆறு மணிக்கு நம் சனம் பட்டும் பூவுமாக, பிள்ளைகளோடு வந்து இறங்கியது. உள்ளே மேயர் நின்று வரிசையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருக்கிறார்! மாஸ்டர் வாசலில் வாயைப் பிளந்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"பள்ளிக்கூடம் நடக்குது" என்றாள் புஷ்பம். "பிந்தி வந்த ஆக்கள் பின்னால நில்லுங்கோ."

மண்டபம் போனதா? போகவில்லை! சனிக்கிழமை எங்களுக்கு, வெள்ளிக்கிழமை கார்னிவல் சங்கத்துக்கு. ஒரே ஒரு நிபந்தனை: கதவைச் சாத்தக் கூடாது. இப்போது தமிழ் வகுப்புக்கு முன்னர் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டுப்பாட வகுப்பு நடக்கிறது. யூசுஃபின் மூத்த மகள் கணக்குக் காட்டுகிறாள். ஓல்கா வாசிக்கப் பழக்குகிறார். கார்னிவல் தலைவரின் பேரன் முன்வரிசையில் இருக்கிறான். நான் அந்தப் பக்கம் போனால், என்னை அறியாமலே ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. தேய்ந்துபோன இந்த முழங்காலோடு!

டொக்டரா? கடைசியாக வந்தார். பொன்னாடையும் மாலையும் அவருக்குத்தான்.

இனி அந்தப் படம். பத்திரிகைப் பெண் எடுத்ததைப் பெருப்பித்திருக்கிறார்கள். அரிசித் தட்டு, மேயரின் தடித்த விரல், அதைப் பிடித்திருக்கும் ஒரு கறுத்த கை. முகம் இல்லை. கீழே மாஸ்டர் எழுதியிருக்கிறார்: 'சங்கத்தின் ஏற்பாட்டில் மேயருக்கு ஏடு தொடக்கல். சிறப்பு விருந்தினர்: கொலோன் டொக்டர்.'

"மாஸ்டர், அது ஆரின்ர கை?"

"கை ஆரின்ரயா இருந்தா என்ன அண்ணை? எல்லாம் சங்கத்தின்ர கைதானே."

கவனித்தீர்களா? வேலை செய்யும்போது 'அண்ணை, நீங்கள்'. படம் மாட்டும்போது 'நாங்கள்'. எந்தச் சங்கத்திலும், எந்த நாட்டிலும் இதுதானே நடக்கிறது?

நான் விடப்போவதில்லை. படத்துக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். அந்தக் கையின் நகக்கண்ணில் வெள்ளையாக ஒட்டியிருப்பது என்ன? உழுந்து மா! டொக்டர் உழுந்து அரைத்தாரா?

மாஸ்டர், அந்தக் கைக்குக் கீழே என் பெயரை எழுதுங்கள். முழுப் பெயரையும். பிழை வந்துவிடுமென்று பயமாக இருந்தால் மேயரைக் கேளுங்கள். அவர் சரியாகச் சொல்வார்.