ஒன்பதாவது கருவி

இதை நான் ஜோடிக்கவில்லை. ஜோடிப்பதாக இருந்தால் பேயைப் பட்டப்பகலில் வேலைக்கு விடுவேனா?

நடந்தது என் அண்ணனுக்கு. கடலடித் தரைக்குக் கீழே இருப்பதைப் படம் பிடிப்பது அவன் ஆராய்ச்சி. வெடியெல்லாம் வைப்பதில்லை. கடலடியில் அதிர்வுக் கருவிகளைப் போட்டு, அலைகள் தரையில் எழுப்பும் ஓயாத முனகலை ஒரு வருடம் பதிவு செய்வார்கள். அப்புறம் கருவிகளை மேலே எடுத்து, எல்லா நாட்களின் பதிவையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கூட்டினால் கண்டகண்ட சத்தமெல்லாம் கரைந்துவிடும். தினமும் வருவது மட்டும் நிற்கும். அதை வைத்துத்தான் படம்.

டாக்டர் பட்ட ஆய்வில் அண்ணனுக்கு அது ஆறாவது வருடம். அன்று ஐந்து மணிக்குள் பல்கலைக்கழகத்துக்குப் படம் போகாவிட்டால் ஆய்வுக்கான அனுமதியே ரத்து. வீட்டிலோ 'டாக்டர்' என்று பெயர்ப்பலகையே அடித்து வைத்திருந்தோம்.

கருவிகளைக் கடலில் இறக்கியவர் ஸ்பேனர் மாமா. ஒவ்வொன்றின் மூடியிலும் ஸ்பேனரால் தட்டுவார். டொக் டொக்... டொக். “உயிரோட இருக்கியாடா?” என்பார். திரையில் கோடு துள்ளினால்தான் இறக்குவார். ஒன்பதாவதை இறக்கும்போது கயிறு காலில் சுற்றிக்கொண்டது. மாமாவும் கூடவே போய்விட்டார்.

பிற்பகல் 2.50. ஆய்வுக்கூடத்தில் அண்ணன் மட்டும். கூட்டி முடித்த பதிவில், ஒன்பதாவது கருவிக்கு நேராக மூன்று துள்ளல். இரண்டு பக்கம் பக்கமாக. ஒன்று தள்ளி.

ஒரே ஒரு நாள் தட்டியது கூட்டலில் கரைந்திருக்க வேண்டுமே?

ஒவ்வொரு நாளாகத் திறந்தான். முதல் நாள், 3.10. மறுநாள், 3.10. நூறாவது நாளும்... 3.10.

எனக்கு போன் போட்டான்.

“டேய், மாமா இன்னும் தட்டிட்டே இருக்காருடா.”

“பெரியவர் கூப்பிடறாரு. பதிலுக்குத் தட்டு, மரியாதை கெட்டவனே.”

அவன் சிரிக்கவில்லை.

3.10.

மேஜைக்கு அடியில்... டொக் டொக்.

டொக்.

போனில் எனக்கே கேட்டது.

பயத்தில் அண்ணனின் விரல் தானாக மேஜையைத் தட்டியது. நான்கு முறை.

அப்புறம் சத்தமே இல்லை.

ஒன்பதாவதன் பதிவை நீக்கிவிட்டு, மற்ற எட்டை மட்டும் வைத்து 4.40க்குப் படத்தை அனுப்பினான். வழிகாட்டிப் பேராசிரியரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“ஒன்பதாவத எடுத்துட்டேன் சார்.”

“எத எடுத்த? அது மேல வரவே இல்லையேப்பா. அவரோட சேர்ந்து இன்னும் அடியிலதான் கெடக்கு.”

அண்ணன் திரும்பி ஓடி அந்தக் கோப்பைத் திறந்தான். கடைசித் தேதி, அன்றைய தேதி. 3.10. மூன்று துள்ளல்.

அதன் பக்கத்தில்... நான்கு.

பட்டம் கிடைத்துவிட்டது. பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. அண்ணன் கடல் பக்கமே போவதில்லை. அந்தக் கோப்பில் அதற்குப் பிறகு ஒரு தட்டல்கூட இல்லை.

பதில் வந்த பிறகு மாமா தட்டமாட்டார். இறக்குவார்.