வலையை விட்ட கை

எங்கள் வீட்டில் எல்லோரும் நெட்டை, விரல்களும் நீளம். வீராம்பட்டினத்தில் வலை இழுக்க எங்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அது பெருமை. அப்பாவும் அண்ணனும் வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தார்கள். கடலம்மா எடுத்துக்கொண்டாள் என்றோம்.

மகளுக்குப் பார்வை மங்கியது. கண் டாக்டர் அவள் விரல்களைப் பார்த்தார், பிறகு என் விரல்களை. "ரெண்டு பேரும் இதயத்த ஸ்கேன் பண்ணுங்க" என்றார்.

பரம்பரை நோய். எங்கள் உயரம், நீள விரல், அவள் கண், அப்பாவும் அண்ணனும் செத்தது எல்லாம் அதனால்தான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் இருவருக்கும் விரிந்திருந்தது. வெடித்தால் உயிர் போகும்.

மாத்திரை தொடங்கினோம். பாரம் இழுக்கக் கூடாது என்றதால் நான் வலையை விட்டுக் கரையில் மீன் ஏலம் கூறினேன்.

"இவ்ளோ ஒசரம் எதுக்குடா, கூவறதுக்கா?" என்றான் மச்சான்.

"உயிரோட கூவறேன்ல?" என்றேன்.

நேற்று மறுபடி ஸ்கேன். "ரெண்டு பேருக்கும் போன வருஷ அளவுதான். ஒண்ணும் கூடல" என்றார் டாக்டர்.

அப்பா செத்த வயதை நான் தாண்டிவிட்டேன். மகள் பிரியாணி கேட்டாள். வாங்கிக் கொடுத்தேன்.