போணிக் காசு

டெக்ஸாஸின் கேட்டி ஊர்த் தமிழர்களில் யார் புதிதாக எதை விற்க ஆரம்பித்தாலும் முதலில் தனபாக்கியத்தைத்தான் கூப்பிடுவார்கள். கராஜில் சேலை பரப்புகிறவர்களும் வீட்டில் முறுக்குச் சுட்டு விற்கிறவர்களும் அவள் கையால் போணி ஆனால் வியாபாரம் ஓஹோவென்று போகும் என்று நம்பினார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருந்தவரின் மகள் அவள். பள்ளிக்கூடம் கிளம்பும் மகள் கையிலிருந்து ஒரு நாணயத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அவர் கல்லாவில் உட்காருவார். அந்தக் கைராசியில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே?

அமெரிக்கா அவளுக்கு இன்னொரு வித்தையும் கற்றுக்கொடுத்திருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. ரசீது இருந்தால் போதும், ஒரு வாரம் மாவரைத்த மிக்ஸியைக்கூட முகம் கோணாமல் வாங்கிக்கொள்ளும் தேசம் இது. வீட்டுக்காரர் நஞ்சப்பன் வெட்கப்பட்டுக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருப்பார். அவளுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது.

2006இல் நஞ்சப்பனின் எண்ணெய் கம்பெனி அவரை ஒரு மீட்டிங்குக்காகத் துருக்கியின் அன்டால்யாவுக்கு அனுப்பியது. மத்தியதரைக் கடலோரத்து ஊர். கூடப் போன தனபாக்கியத்துக்குக் கடலைப் பார்க்க நேரமில்லை. கேட்டித் தோழிகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போகாவிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது? பேரம் பேச வழியில்லாத டெக்ஸாஸில் துருப்பிடித்துக் கிடந்த நாக்கு வேறு நமநமத்தது.

கடை திறக்கும்போதே போய் நின்றால், முதல் ஆளைத் திருப்பி அனுப்ப எந்த வியாபாரிக்கும் மனசு வராது. இது அவளுக்குத் தெரியாதா என்ன! பழைய துறைமுகத்துக்கு இறங்கும் சந்தில் நரைமீசைக்காரர் ஒருவர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கினார். நீலப் பூ வரைந்த பீங்கான் கிண்ணங்கள் அவளுக்குப் பிடித்துப்போயின. அவர் சொன்னதில் பாதிக்குக் கேட்டாள். அவர் நெஞ்சில் கைவைத்துக் கட்டாது என்றார். “ஃபர்ஸ்ட் கஸ்டமர்” என்று தன்னைத் தானே சுட்டிக் காட்டினாள். மனிதர் பெருமூச்சு விட்டுக் கட்டிக் கொடுத்தார். நோட்டை வாங்கி உதட்டில் வைத்து, நெற்றியிலும் ஒற்றிக்கொண்டார். இங்கேயும் போணி உண்டு என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

சந்தோஷம் சந்து முனை வரைக்கும்தான். அங்கே அதே கிண்ணம் இன்னும் மலிவு.

திருப்பிக் கொடுத்தே பழகிய கால் தானாகத் திரும்பியது. பொட்டலத்தை மேஜைமேல் வைத்து, வேண்டாம் என்று கையசைத்தாள். அவர் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினார். கல்லாவைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு நோட்டு, அவர் நெற்றியில் ஒற்றிக்கொண்ட அதே நோட்டு. எடுத்துக் கொடுத்துவிட்டார்.

கையில் வாங்கிய பிறகுதான் அவளுக்குச் சுரீரென்றது. வியாபாரி வீட்டில் பிறந்தவள், இன்னொரு வியாபாரியின் போணிக் காசைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். முனைக் கடையிலும் எதையும் வாங்கத் தோன்றவில்லை. ராத்திரி ஹோட்டலுக்கு வந்த நஞ்சப்பனிடம் நடந்ததைச் சொன்னாள். வேண்டாம்னா திருப்பிக் குடுக்கறதுதானே, அதுக்கு ஏன் இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கறே என்றார் நஞ்சப்பன். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

மறுநாள் காலையும் ஷட்டர் தூக்கும்போதே போய் நின்றாள். சொன்ன விலைக்கே வாங்கிப் பாவத்தைக் கழுவிவிடலாம் என்று நினைப்பு. அவர் கோபிக்கவில்லை. வாசலுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு, டீயும் வரவழைத்துக் கொடுத்தார். நீட்டிய நோட்டை மட்டும் வாங்கவில்லை.

“ப்ளீஸ் மேடம். ஃபர்ஸ்ட், அனதர் கஸ்டமர்.”

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அப்பா கடைக்கும் வெள்ளியங்கிரி என்று ஒருவர் வருவார். ராசியில்லாத கை என்று, வேறு யாராவது போணி பண்ணும்வரை அவரை வெளியே பெஞ்சில்தான் உட்கார வைப்பார்கள். கல்லாவுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்துச் சிரித்தவள் இவள். இப்போது யாராவது வரமாட்டார்களா என்று தெருவையே பார்த்துக்கொண்டு, காது சுட, டீயைக் குடித்தாள். ஒரு வெள்ளைக்காரர் வந்து ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை வாங்கிய பிறகுதான் அவள் பணம் கல்லாவுக்குள் போனது. நெற்றிக்குப் போகவில்லை.

ஊர் திரும்பிக் கிண்ணங்களைக் கொடுத்தபோது, எவ்வளவுக்குப் பேசி முடித்தீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். சிரித்து மழுப்பினாள்.

அடுத்த தை மாதம் நாகரத்தினம் என்ற தோழி, பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மளிகைக்கடை திறந்தாள். தனபாக்கியம்தான் போணி பண்ண வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டிக்கழிக்க முடியவில்லை. பார்க்கிங்கில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். யாராவது ஒருவர் பையோடு வெளியே வரட்டும், அப்புறம் போய்க்கொள்ளலாம். உள்ளே போனவர்கள் யாரும் வெளியே வருவதாகக் காணோம். கடைசியில் நாகரத்தினமே வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

“ஏனுங்கக்கா, இங்கயே உக்காந்துட்டீங்க? எல்லாரும் கூடையோட நிக்கறாங்க. நீங்க வராம பில்லு போடமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

தனபாக்கியம் ஒரு பாக்கெட் மஞ்சள் எடுத்தாள். நோட்டை நீட்டினாள். நாகரத்தினம் அதை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மிஷினிலிருந்து ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

“அது எனக்கு வேண்டாம் கண்ணு” என்றாள் தனபாக்கியம்.