ஏழு பேருக்கு ஒரு சர்வர்

காற்புள்ளியக்கா என்று சொன்னால்தான் அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். பார்வையற்ற பிள்ளைகளுக்குப் புள்ளி எழுத்தில் பாடப் புத்தகம் தயாரிக்கும் இடம் அது. அக்காவுக்குப் பிழை திருத்தும் வேலை. முந்நூறு பக்கத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடிப் பிடித்துவிடுவாள். வயது ஐம்பத்தொன்று. கணினி படித்தவள் இல்லை.

அங்கே ஏழு பேர், ஏழு திரைகள். ஆனால் எழுதும் மென்பொருள் ஓடுவது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரே கணினியில். அதைச் சர்வர் என்பார்கள். 'எனக்கு நான்காம் பாடம் வேண்டும்' என்று ஒரு திரை கேட்டால், சர்வர் அதைத் திறந்து கொடுக்கும். வேலை முடிந்ததும் 'சேமிக்கவா, வேண்டாமா?' என்று கேட்டுச் சேமித்து, அந்த ஆளை விடுவிக்கும். ஏழு பேருக்கும் எழுத்து விதிகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

வம்பு எங்கே என்றால், நடுவில் ஒருவருடைய இணைப்பு அறுந்தாலும், அதே கேள்வியைச் சர்வர் அவரைத்தான் கேட்கும். அவர் திரையே போய்விட்டது, பதில் எப்படி வரும்? சர்வரோ கேட்டது கேட்டபடி நிற்கும். மற்ற ஆறு பேருக்கும் ஒரு எழுத்துகூட நகராது. கடைசியில் மேலாளர் வந்து கணினியை அணைப்பார். சேமிக்காததெல்லாம் அம்போ.

ஒரு செவ்வாய்க்கிழமை அப்படித்தான் அந்த ஏழு பேரில் ஒருவரான தட்டச்சரின் ஒன்பது பக்க அட்டவணை போயிற்று. அவருக்குப் பார்வை கிடையாது; திரையில் வருவது விசைப்பலகைக்குக் கீழே உள்ள பட்டையில் புள்ளிகளாக எழும்பும், அதை விரலால் தடவிப் படிப்பவர். முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். அக்கா கணினி பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அது அப்படித்தாங்க. பொறுத்துப் போங்க," என்றார் அவர்.

அந்த மென்பொருளின் உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். அக்கா சர்வர் பகுதியை மட்டும் அச்செடுத்து, சாப்பாட்டு நேரத்தில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். முதல் மாதம் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் மாதம் எது கேள்வி, எது பதில் என்று பிடிபட்டது. தாள்கள் வீடு வரை வந்தன.

அவள் கணவர் உணவகத்தில் சர்வர். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எழுந்து போன ஆளுக்காக நான் மேசைகிட்டயே நின்னா மத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? தட்டை ஓரமா மூடி வச்சிட்டு அடுத்த மேசைக்குப் போகணும்மா!"

அக்கா அதையே எழுதினாள். பத்து நொடியில் பதில் வராவிட்டால் வேலையைத் தனி நகலாக வைத்துவிட்டு அந்த ஆளை விட்டுவிடு. மேலாளரிடம் கெஞ்சி, சர்வரில் ஏற்றினாள்.

மறுநாள் காலையே தட்டச்சர் குரல் கொடுத்தார். "அக்கா, என்னை யாரு வெளியே தள்றது? மூணு தடவை ஆச்சு!"

அவர் எங்கும் போகவில்லை. 'சேமிக்கவா?' என்ற சர்வரின் கேள்வியை விரலால் படித்து முடிப்பதற்குள் பத்து நொடி ஓடிவிட்டிருந்தது.

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. "நான்தான் தம்பி. கண்ணால படிக்கிறவங்களை மட்டும் நினைச்சு எழுதிட்டேன்."

"எழுதின பக்கம் பத்திரமாத்தானே இருக்கு? முன்னே அதுவும் இல்லையே," என்றார் அவர். "விரலுக்கு நேரம் வேணும்க்கா. நேரத்தை எண்ணாதீங்க. ஆள் இருக்கானான்னு பாருங்க."

இருவரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். இணைப்பு இருந்தால் எவ்வளவு நேரமானாலும் பதிலுக்குக் காத்திரு. ஆனால் அதற்காக மற்றவர்களை நிறுத்தாதே. இணைப்பு அறுந்தால் மட்டும் நகலெடுத்துவிட்டு ஆளை விடு. சோதிக்கும் பொறுப்பைத் தட்டச்சர் ஏற்றுக்கொண்டு, தன் கணினியின் கம்பியை அன்று முப்பது தடவையாவது சந்தோஷமாகப் பிடுங்கினார். பிடுங்கும்போதெல்லாம் மற்றவர்கள் தங்கள் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

திருத்தத்தை மென்பொருளைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினாள். அவர்கள் மூன்று கேள்வி கேட்டார்கள். இரண்டுக்கு உடனே பதில் இருந்தது, மூன்றாவது ஒரு வாரம் ஆளைப் படுத்தியது. அடுத்த பதிப்பில் அவள் எழுதியது சேர்ந்தது.

கூடவே ஒரு கடிதம் வந்தது: 'இந்தப் பகுதியைப் பற்றிப் பத்தொன்பது புகார்கள் கிடக்கின்றன. பார்க்க ஆளில்லை. பார்ப்பீர்களா?' அதை இரண்டு முறை படித்துவிட்டு நேராக மேலாளரிடம் போனாள்.

"வாரத்துல ஒரு மத்தியானம் வேணும் சார். எனக்கும் தம்பிக்கும்."

மேலாளர் நாட்காட்டியைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை எடுத்துக்கோங்க."

அந்த வெள்ளிக்கிழமை முதல் புகாரைத் தட்டச்சர் விரலால் படித்துச் சத்தமாகச் சொன்னார். யாரோ ஒருவர், எங்கோ ஒரு நூலகத்தில், ஒரே கோப்பை இரண்டு பேர் கேட்டால் இரண்டாமவர் அப்படியே நின்றுவிடுகிறார் என்று எழுதியிருந்தார்.

"இது நம்ம பழைய வம்பேதான்," என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.